கொட்டகைக்குள்ள போனாலே தும்மல், கன்னு எடுத்தா கையெல்லாம் தடிப்பு: தூசியா, இல்ல மாடே ஒத்துக்கலையா?

ஊசிக்காரன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கால்நடை டாக்டர்கிட்ட உதவியாளரா இருக்கேன். பண்ணை பண்ணையா போறது, மாட்டைப் பிடிச்சு கட்டறது, சினை ஊசி போடறது, சினை பாக்கறது, ராத்திரி கன்னு சிக்கிக்கிச்சுன்னு ஃபோன் வந்தா ஓடிப்போயி இழுக்கறது, இதான் வேலை. சேந்த புதுசுல ஒரு தொந்தரவும் கிடையாது, பல வருஷம் நல்லாத்தான் போச்சு. இப்ப கொஞ்ச காலமா கொட்டகைக்குள்ள கால வெச்சதும் மூக்கு ஒழுக ஆரம்பிக்குது, தும்மல் வந்தா அடுக்கா வருது, கண்ணு அரிக்குது. கன்னு எடுத்த அன்னைக்கு முழங்கை வரைக்கும் சிவந்து தடிப்பு தடிப்பா வீங்குது, கழுவிட்டு கொஞ்ச நேரம் விட்டா தானா அடங்கிடுது.

அதோட நின்னா பரவால்ல, புதுசா ராத்திரி படுத்தப்புறம் இருமல், நெஞ்சுல விசில் அடிக்கற மாதிரி சத்தம். லீவுல ஊருக்குப் போனா ரெண்டு மூணு நாள்ல எல்லாம் சரியாகுது, திரும்பி வந்ததும் மறுபடி ஆரம்பம். பக்கத்துல இருக்கற டாக்டர் செட்ரிசின்னு அலர்ஜி மாத்திரை குடுத்தாரு, மூக்குக்கு கேக்குது, ராத்திரி இருமலுக்கு ஒண்ணும் கேக்கல.

என் குழப்பம் இதான். நான் பால் குடிக்கிறேன், தயிர் சாப்பிடறேன், எதுவும் ஆகறதில்ல. அப்ப மாடு எப்படி ஒத்துக்காம போகும்? கூட வேலை பாக்கறவங்க "சின்ன வயசுலேந்து மாட்டோட வளந்தவனுக்கு அலர்ஜி வராதுப்பா, வைக்கோல் தூசிதான், துணிய கட்டிக்கிட்டு வேலையப் பாரு"ன்னு சொல்றாங்க. துணி கட்டியும் பாத்துட்டேன், பெருசா வித்தியாசம் தெரியல. இந்த மாதிரி யாருக்காவது இருக்கா? வேலைய விடணுமா, இல்ல சமாளிக்க வழி இருக்கா? எந்த மாஸ்க், எந்த டெஸ்ட்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மாட்டு டாக்டரம்மா:

தம்பி, நீங்க எழுதினத படிச்சதும் எங்க பேட்ச்ல பாதி பேரு ஞாபகம் வந்தாங்க. இது எங்க தொழில்ல ரொம்ப சகஜம், ஆனா யாரும் வெளிய பேசறதில்ல, ஏதோ பலவீனம்னு நினைச்சுக்கறாங்க.

முதல்ல பால் விஷயத்த பாத்துருவோம், அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க. பால்ல அலர்ஜி உண்டாக்கற புரதம் வேற, மாட்டோட தோல்லேந்தும் முடியிலேந்தும் உதிருற புரதம் வேற. பால்ல இருக்கறது கேசின், பீட்டா லாக்டோகுளோபுலின் மாதிரி ஆளுங்க. தோல் செதில்லயும் முடியிலயும் ஒட்டிக்கிட்டு வர்றதுல முக்கியமானது பாஸ் டி 2ன்னு ஒரு புரதம், லிப்போகேலின்னு ஒரு குடும்பத்தச் சேந்தது. நாய், குதிரை, எலி இதுங்களோட முக்கிய அலர்ஜிப் புரதங்கள்ல பலதும் இதே குடும்பம்தான். வேடிக்கை என்னன்னா பால்ல இருக்கற அந்த பீட்டா லாக்டோகுளோபுலினும் ஒரு லிப்போகேலின்தான், அதுக்காக ஒண்ணு ஒத்துக்கலைன்னா இன்னொண்ணும் ஒத்துக்காதுன்னு கிடையாது. அதனால பால் குடிச்சு ஒண்ணும் ஆகலைங்கறது உங்க கேள்விக்கு பதிலே இல்ல. மாட்டுத் தோல் செதில் ஒத்துக்காதவங்கள்ல நிறைய பேரு பால் நிம்மதியா குடிக்கிறாங்க.

இது மாட்டோட ரோமத்துல மட்டும் இருக்குன்னு நினைக்காதீங்க. தோல்லேந்து உதிருற பொடி ரொம்ப நுணுக்கமானது, காத்துல மிதக்கும், சுவர்ல படியும், உத்தரத்துல படியும், உங்க சட்டையில படியும். மாடு கொட்டகையிலயே இல்லாத நேரத்துல நீங்க உள்ள போனாலும் தும்மல் வர்றதுக்கு இதான் காரணம். மாட்டுக்கு முடி வெட்டறப்பவும், பிரஷ் போட்டு தேய்க்கறப்பவும், காஞ்ச தரையக் கூட்டறப்பவும் கிளம்பற அளவு சும்மா நிக்கறப்ப இருக்கறத விட எவ்வளவோ அதிகம்.

அடுத்தது கை. கன்னு எடுத்ததும் கொஞ்ச நேரத்துல தடிப்பு வந்து தானா அடங்குதுன்னு சொல்றீங்க பாருங்க, அது தொட்டதும் உடனே வர்ற வகை. பனிக்குடத் தண்ணி, நஞ்சுக்கொடி, ரத்தம் இதுல இருக்கற மாட்டுப் புரதம் ஈரமான தோல் வழியா உள்ள இறங்குது. இத அப்படியே விட்டா நாளடைவுல விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் வெடிச்சு நிரந்தரக் கரப்பானா மாறலாம். வெடிச்ச தோல்ல இன்னும் சுலபமா புரதம் இறங்கும், அப்புறம் நாம கைக்கு ஊத்தற கிருமிநாசினி வேற எரிக்கும், சுத்திச் சுத்தி அதே கதைதான்.

நான் என்ன பண்றேன்னா தோள் வரைக்கும் வர்ற நீள பிளாஸ்டிக் கிளவுஸ முதல்ல போட்டுட்டு அதுக்கு மேல நைட்ரைல் கிளவுஸ் ஒண்ணு போட்டுக்குவேன். விரல் நுனி பிடிப்பா இருக்கும், பிளாஸ்டிக் கிழிஞ்சாலும் இன்னொரு அடுக்கு இருக்கும். தோள்பட்டைகிட்ட ஒரு பட்டை போட்டு இறுக்கிக்கங்க, இல்லன்னா மேலேந்து தண்ணி உள்ள வழிஞ்சு நாள் முழுக்க அதுலயே கை ஊறிக்கிட்டு இருக்கும், அது கிளவுஸ் போடாம இருக்கறத விட மோசம். லேட்டக்ஸ் கிளவுஸ் போடறீங்கன்னா அதயும் ஒரு தடவ சந்தேகப்படுங்க, ரப்பர் பால் புரதமே இதே மாதிரி தடிப்பு கொண்டு வரும். அதுவும் உள்ள பவுடர் போட்ட கிளவுஸ்னா அந்தப் பவுடர் புரதத்தத் தூக்கிக்கிட்டு காத்துல பறக்கும், கழட்டறப்ப மூக்குக்குள்ள போகும். அமெரிக்காவுல மருத்துவத்துக்கு பவுடர் கிளவுஸே கூடாதுன்னு 2017 ஜனவரியிலேந்து தடை போட்டாங்க.

இன்னொண்ணு, அலர்ஜிக்கு சம்பந்தம் இல்லாட்டியும் சொல்லாம இருக்க முடியல. கன்னு வீசின மாட்டையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால தொடற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. புருசெல்லா கிருமி அந்த வழியாவும் மனுசனுக்கு வருது. விட்டு விட்டு காய்ச்சல், மூட்டு வலி, ராத்திரி வேர்வைன்னு இருந்தா அது அலர்ஜி கணக்குல வராது, தனியா ரத்தம் பாக்கணும்.

---

நாலுதலைமுறை தொழுவம்:

டாக்டரம்மா கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்ல நாலு தலைமுறையா மாடு, நான் பொறந்ததே தொழுவத்துக்குப் பக்கத்துல, எங்க யாருக்கும் தும்மல் கூட கிடையாது. இப்ப எல்லாத்துக்கும் அலர்ஜின்னு ஒரு பேரு வெச்சுடறாங்க. நான் பாத்த வரைக்கும் ஆளப் படுத்தறது மாடு இல்ல, பூஞ்சணம் பிடிச்ச வைக்கோல். மழையில நனைஞ்சு சரியா காயாம கட்டி அடுக்கினத உடைச்சுப் போட்டா வெள்ளையா புகை மாதிரி கிளம்பும் பாருங்க, அத இழுத்தவனுக்கு சாயங்காலம் குளிர் காய்ச்சல் மாதிரி வரும், மூச்சு முட்டும். எங்க மச்சான் அப்படித்தான் படுத்தாரு, கடைசியில நுரையீரலே கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. தம்பி, நீ முதல்ல தீவனத்தப் பாரு. மாட்டை விட்டு ஓடறதுக்கு முன்னாடி.

இன்னொண்ணு, மாட்டோட வளந்த பசங்களுக்கு ஆஸ்துமா கம்மின்னு வெளிநாட்டுக்காரனே ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டான். அதுக்கு என்ன சொல்றீங்க?

---

மூச்சுக்கணக்கு:

தொழில் சார்ந்த நுரையீரல் நோய் பாக்கற கிளினிக்ல நர்ஸா இருக்கேன். தொழுவம் அண்ணன் சொல்றதுல பாதி ரொம்ப சரி, மீதி பாதியில ரெண்டு தனித்தனி நோய் ஒண்ணா கலந்துடுச்சு. பிரிச்சு சொல்றேன், ஏன்னா மருந்தே வேற வேற.

உங்க மச்சானுக்கு வந்தது அனேகமா விவசாயி நுரையீரல்னு சொல்ற நோய். ஈரத்தோட கட்டின வைக்கோல் உள்ளுக்குள்ள சூடாகறப்ப வளர்ற சில நுண்ணுயிர்களோட வித்துத் தூள இழுக்கறதால வர்றது. 1932லயே இங்கிலாந்துல இத மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டாங்க. அதுல தும்மல் மூக்கொழுகல் பெருசா இருக்காது. வேலை செஞ்சு நாலஞ்சு மணி நேரம் கழிச்சு காய்ச்சல், குளிர், உடம்பு வலி, வறட்டு இருமல், மூச்சு வாங்கறது. திரும்பத் திரும்ப நடந்தா நுரையீரல்ல தழும்பு விழுந்துடும், அது திரும்பாது. அதுக்கு செட்ரிசின் ஒரு பைசா பிரயோஜனம் இல்ல, இன்ஹேலரும் பெருசா உதவாது.

ஊசிக்காரன் சொல்றது அப்படி இல்ல. உள்ள போனதும் தும்மல், கண் அரிப்பு, தொட்டா தடிப்பு, அப்புறம் விசில் சத்தம். இது ஐஜிஇன்னு ரத்தத்துல இருக்கற ஒரு எதிர்ப்புப் புரதம் கிளப்பற வகை அலர்ஜியோட நடை. ராத்திரி இருமல் வர்றதால கொட்டகைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு நிறைய பேரு ஒதுக்கிடறாங்க, அது தப்பு. பகல்ல இழுத்ததுக்கு மூச்சுக்குழாய் சில மணி நேரம் கழிச்சு ரெண்டாவது தடவ சுருங்கும், அது வீட்டுக்கு வந்து படுத்தப்புறம் வரலாம்.

அதுக்காக மாடுதான்னு இப்பவே முடிவு கட்டவும் கூடாது. கொட்டகைத் தூசின்னு நாம ஒரே பேர்ல சொல்றதுக்குள்ள ஏகப்பட்டது இருக்கு. மாட்டுச் செதில், தானியத்துலயும் வைக்கோல்லயும் வாழற கண்ணுக்குத் தெரியாத சேமிப்புப் பூச்சிகள், பூஞ்சை, பாக்டீரியாவோட ஓட்டுலேந்து வர்ற எண்டோடாக்சின், மூத்திரத்துலேந்து கிளம்பற அமோனியா. இந்த சேமிப்புப் பூச்சிக்கும் மாட்டுச் செதிலுக்கும் வர்ற தொந்தரவு அச்சு அசல் ஒண்ணுதான், டெஸ்ட் பண்ணாம பிரிக்கவே முடியாது. கன்னு எடுக்கறப்ப மட்டும் கையில தடிப்பு வர்றதுதான் மாட்டுப் பக்கம் கை காட்டுது, பூச்சியா மட்டும் இருந்தா அது வரவேண்டிய அவசியம் இல்ல.

அப்புறம் அந்த ஆராய்ச்சி. அண்ணன் சொல்றது உண்மைதான், 2016ல வந்தது, அமெரிக்காவுல ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு சமூகத்துப் பள்ளிக்கூடப் பசங்கள ஒப்பிட்டாங்க. ரெண்டு சமூகத்தோட பூர்வீகமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஆமிஷ் வீடுங்க மாட்டுத் தொழுவத்த ஒட்டியே இருக்கும், பழைய முறை விவசாயம். ஹட்டரைட் பண்ணைங்க பெருசு, மெஷின் வெச்சது, பசங்க சின்னதுல மாட்டுகிட்ட அவ்வளவா போகாது. ஆமிஷ் பசங்கள்ல ஆஸ்துமா சுமார் 5 சதவீதம், ஹட்டரைட் பசங்கள்ல சுமார் 21 சதவீதம். ஆனா அது குழந்தைகள் கூட்டத்தோட சராசரி. பெரியவன் ஆனப்புறம் தினமும் ஒரு குறிப்பிட்ட புரதத்த மணிக்கணக்குல இழுக்கற ஒருத்தனுக்கு அது காப்பு கிடையாது. தொழில் அலர்ஜின்னாலே முதல் நாள் வர்றது இல்ல, மாசக்கணக்குல, பல பேருக்கு வருஷக்கணக்குல உடம்பு சத்தமில்லாம தயாராகி அப்புறம் ஒரு நாள் ஆரம்பிக்கும். "இத்தன வருஷம் வராதது இப்ப எப்படி வரும்"ங்கற கேள்விக்கு பதில் இதான், இத்தன வருஷம் இழுத்ததாலதான் வருது.

ஃபின்லாந்துல விவசாயிகளுக்கு வர்ற தொழில் ஆஸ்துமாவுக்கு மாட்டுச் செதில்தான் ரொம்ப காலமா முன்னணிக் காரணங்கள்ல ஒண்ணு. அங்க குளிர்காலம் நீளம், மாடு மாசக்கணக்குல மூடின கொட்டகைக்குள்ளயே நிக்கும், ஆளும் அதுக்குள்ளயே நின்னு பால் கறக்கணும். அதெல்லாம் பரம்பரை பரம்பரையா மாடு வெச்சிருக்கறவங்கதான். அதனால அண்ணே, உங்களுக்கு வரலைங்கறது நல்ல விஷயம், அத வெச்சு தம்பிக்கு வராதுன்னு சொல்ல முடியாது.

ஊசிக்காரன், உங்களுக்கு ஒரே ஒரு அவசர வேலை சொல்றேன். பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு வாங்குங்க, மூச்ச எவ்வளவு வேகமா வெளிய ஊத முடியுதுன்னு அளக்கற, கையில பிடிச்சு ஊதற சின்ன குழாய்தான். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஊதணும், எந்திரிச்சதும், வேலை நடுவுல, வேலை முடிஞ்சு, படுக்கறதுக்கு முன்னாடி. ஒவ்வொரு தடவையும் மூணு ஊது ஊதி பெரிய எண்ணை எழுதுங்க. வேலைக்குப் போற நாளும் இருக்கணும், போகாத நாளும் இருக்கணும், குறைஞ்சது ரெண்டு வாரம், நாலு வாரம்னா இன்னும் நல்லது. பக்கத்துலயே அன்னைக்கு என்ன பண்ணினீங்கன்னு ஒரு வரி, கன்னு எடுத்தேன், தீவனம் கொட்டினேன், ஆபீஸ்லயே இருந்தேன், இப்படி. வேலை நாள்ல எண் இறங்கி லீவுல ஏறுதுன்னா அந்த ஒரு தாள் எந்த ஸ்கேனையும் விட பெரிய சாட்சி. வேலைய விட்டுட்டு டாக்டர்கிட்ட வந்தா இந்த சாட்சிய அப்புறம் எங்கயும் உண்டாக்க முடியாது. அதுக்காக மூச்சு நிஜமாவே முட்டறப்ப கணக்கு எழுதணும்னு கொட்டகைக்குள்ள போகாதீங்க, அப்ப நேரா ஆஸ்பத்திரி.

---

ஊசிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விளக்கமா யாரும் சொன்னதே இல்ல. தொழுவம் அண்ணே, எனக்கு காய்ச்சல் எல்லாம் வந்ததே இல்ல, தும்மல்தான் முதல்ல. தீவன ரூம்ல நின்னா லேசா வரும், ஆனா மாட்டு விலா மேல சாஞ்சு சினை பாக்கறப்பதான் கண்ணு தெறிக்கும்.

ரெண்டு சந்தேகம். தோல்ல குத்திப் பாக்கற டெஸ்ட் எடுக்கணும்னா செட்ரிசின நிறுத்தணுமா? மாஸ்க்ல எது? நான் போட்டது சர்ஜரிக்குப் போடற நீலக் கலர் மாஸ்க், அது போதாதா? இன்னொண்ணு கேக்கவே தயக்கமா இருக்கு, என் பொண்ணு சின்னவ, நான் வேலை முடிஞ்சு வந்து தூக்கினா அவளும் தும்முறா. சம்பந்தம் இருக்குமா இல்ல நானா கற்பனை பண்ணிக்கறேனா?

---

மூச்சுக்கணக்கு:

ஆமா, செட்ரிசின் மாதிரி மாத்திரை உடம்புல இருந்தா தோல் டெஸ்ட்ல தடிப்பே எழும்பாது, ஒண்ணும் இல்லன்னு தப்பா வந்துடும். பொதுவா ஒரு வாரம் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க, தேதிய டெஸ்ட் எடுக்கற இடத்துலயே கேட்டுக்கங்க. நிறுத்தவே முடியாத நிலைன்னா ரத்தத்துல ஐஜிஇ பாக்கலாம், அதுக்கு மாத்திரை தடை இல்ல. இன்ஹேலர் யாராவது எழுதிக் குடுத்தா அத டெஸ்டுக்காக நீங்களா நிறுத்தாதீங்க, அது வேற கணக்கு.

டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தாலும் உடனே மாட்டுக்கு விடுதலை குடுத்துடாதீங்க. தோல் டெஸ்டுக்கு வர்ற மாட்டுச் செதில் சாறு எல்லா கம்பெனியிலயும் ஒரே தரத்துல இருக்கறது இல்ல, ஒண்ணுல ஒண்ணும் காட்டாதவங்களுக்கு இன்னொண்ணுல காட்டியிருக்கு. பீக் ஃப்ளோ தாள் ஒரு பக்கம் கத்துது, டெஸ்ட் வேற பக்கம் சொல்லுதுன்னா தாளத்தான் நான் முதல்ல நம்புவேன்.

நீல மாஸ்க் உங்க எச்சில் மாட்டு மேல படாம இருக்க உதவும், அவ்வளவுதான். பக்கவாட்டுல இருக்கற இடைவெளி வழியா எல்லாம் உள்ள வரும். என்95, இல்லன்னா எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3ன்னு போட்டிருக்கறது வேணும், ரெண்டு பட்டை தலைக்குப் பின்னாடி போறது. தாடி இருந்தா அது முகத்தோட ஒட்டாது, ஒட்டலைன்னா எவ்வளவு நல்ல மாஸ்க்கும் வீண். வேர்வையில நனைஞ்சா மூச்சு இழுக்க கஷ்டமாகும், அப்ப கழுத்துல இறக்கி விட்டுக்காதீங்க, வெளிய போய் வேற மாத்துங்க. ஆஸ்துமா உறுதியாகி ஆனாலும் வேலைய தொடரணும்னா பேட்டரி வெச்ச காத்தாடி ஹெல்மெட் ஒண்ணு இருக்கு, வடிகட்டின காத்த முகத்துக்கு ஊதும், மூச்சு இழுக்கற சிரமம் இல்ல, கண்ணும் மூடியிருக்கும். விலையும் எடையும் ஜாஸ்தி, மாடு முதல்ல பாத்தா மிரளும், பழகிடும்.

பொண்ணு விஷயம் கற்பனை இல்ல, அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. ஜெர்மனியில மாட்டு விவசாயிகளோட வீடுகள்ல தூசி எடுத்து அளந்திருக்காங்க, மாடு எட்டியே பாக்காத படுக்கையறையிலயும் மெத்தையிலயும் மாட்டு முடிப் புரதம் கிடைச்சுது. அது நடந்து வரல, துணியிலயும் தலைமுடியிலயும் ஏறி வந்தது. குழந்தை தும்மறதுக்கு வேற நூறு காரணம் இருக்கலாம், அவள குழந்தை டாக்டர்கிட்ட காமிங்க, ஆனா வீட்டுக்குள்ள சரக்கு இறங்கறத நிறுத்தறது உங்க கையில இருக்கு. வேலைத் துணியும் பூட்ஸும் வீட்டுக்குள்ளயே வரக்கூடாது, வண்டியிலயும் சீட்ல போடாம மூடின பையில போடுங்க. குளிச்சுட்டு தலைய அலசிட்டு அப்புறம்தான் பொண்ண தூக்கணும், உடம்ப மட்டும் கழுவிட்டு தலைய விட்டுட்டா பாதி வேலைதான், ராத்திரி முழுக்க தலையணையில அதத்தான் இழுத்துக்கிட்டு படுப்பீங்க. உங்க ராத்திரி இருமல்ல இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்னு எனக்கு சந்தேகம்.

---

பழைய கறவைக்காரன்:

நான் இதே பாதையில போயி வெளிய வந்தவன், அதனால வேலைய விடணுமாங்கற கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். எனக்கு முதல்ல மூக்கு, அப்புறம் இளைப்பு, அப்புறம் மாடு கட்டின ஆளு பக்கத்துல உக்காந்தாலே இளைப்பு. டாக்டர் சொன்னது, மூக்கோட இருக்கறப்பவே அளவக் குறைச்சா ஆஸ்துமா வரைக்கும் போகாம தப்பிக்க வாய்ப்பு உண்டு, ஆஸ்துமா வந்தப்புறமும் சீக்கிரம் விலகினா தேறுவீங்க, வருஷக்கணக்குல இழுத்துக்கிட்டே மருந்து மேல மருந்து ஏத்தினா விலகினதுக்கப்புறமும் அது கூடவே இருக்கும்னாரு. எனக்கு மூணாவது மாதிரிதான் ஆச்சு, மாட்ட விட்டும் இன்ஹேலர் விடல.

விடறதுன்னா எல்லாத்தயும் விடறதுன்னு அர்த்தம் இல்ல தம்பி. உடம்புக்குள்ள போற அளவ குறைக்கறதுதான் விஷயம். முடி வெட்டறது, மாட்ட தேய்க்கறது, கொட்டகை கூட்டறது, இத வேற ஆளுக்கு மாத்தச் சொல்லுங்க. காஞ்ச தரைய கூட்டறதுக்கு முன்னாடி லேசா தண்ணி தெளிக்கணும், பிளோயர் வெச்சு ஊதறவனப் பாத்தா சண்டை போடுங்க. ஆனா ஹை பிரஷர் பைப்ப வெச்சு அடிச்சா தூசி போயி அதே சரக்கு சாரலா வரும், அது நடக்கறப்ப உள்ள நிக்காதீங்க. சினை பாக்கற வேலைய மூடின கொட்டகைக்குள்ள பண்ணாம திறந்த இடத்துல, காத்து உங்க முதுகுப் பக்கத்துலேந்து வர்ற மாதிரி நின்னு பண்ணுங்க. அந்த ஒரு மாத்தத்துலயே எனக்கு நல்லா வித்தியாசம் தெரிஞ்சுது.

முதலாளிகிட்ட சொல்ல பயமா இருக்கும், தெரியும். ஆனா எழுத்துல சொல்லி வெச்சுக்கங்க. நிறைய நாடுகள்ல மாட்டுச் செதிலால வர்ற ஆஸ்துமா தொழில் நோய் கணக்குல வருது, நிவாரணம் கேக்க வழி உண்டு. பின்னாடி கேக்கணும்னா "எப்பலேந்து, யார்கிட்ட சொன்னே"ன்னுதான் முதல் கேள்வியே வரும்.

---

நாலுதலைமுறை தொழுவம்:

சரி, நான் என் மச்சான வெச்சுதான் பேசினேன், நர்ஸம்மா பிரிச்சு சொன்னது விளங்குது. இருந்தாலும் வைக்கோல் விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். நல்லா காஞ்சத மட்டும் கட்டுங்க, பூஞ்சணம் பிடிச்சத மூடின ரூம்ல உடைக்காதீங்க. மாட்டு அலர்ஜி இருக்கறவன் நெஞ்சுக்கு அதுவும் சேந்தா தாங்குமா?

---

மாட்டு டாக்டரம்மா:

தாங்காதுங்க, இதுல உங்க பக்கம்தான் நானும். அமோனியாவும் அப்படித்தான், சாணி மூத்திரம் தேங்கி கண்ணு எரியற கொட்டகையில நின்னா மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்ணா இருக்கும், அதுல செதிலும் சேந்தா சீக்கிரம் சுருங்கும். காத்தோட்டம் சரியா இருந்தா மாட்டுக்கும் நல்லது, கன்னுக்குட்டிக்கு நிமோனியா வர்றதே பாதி அந்தப் புழுக்கத்துலதான்.

ஊசிக்காரன் தம்பி, டெஸ்டுக்குப் போறப்ப ஒண்ணு மட்டும் கவனம். லேப்ல போயி "மாட்டு அலர்ஜி பாக்கணும்"னு மொட்டையா சொன்னா பால் டெஸ்ட்ட எடுத்துட்டு நெகட்டிவ்னு அனுப்பி விட்டுருவாங்க, எங்க உதவியாளர் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. சீட்டுல மாட்டுத் தோல் செதில்னு தெளிவா எழுதி வாங்குங்க. நிறைய லேப்ல ஓடற பட்டியல்ல பாலுக்கு எஃப்2, மாட்டுச் செதிலுக்கு இ4னு குறியீடு இருக்கும். கூடவே சேமிப்புப் பூச்சியும், கிளவுஸ் போடறவங்கறதால லேட்டக்ஸும் கேளுங்க. பீக் ஃப்ளோ தாள மறக்காம எடுத்துட்டுப் போங்க.

---

ஊசிக்காரன்:

எழுதி வெச்சுக்கிட்டேன் மேடம். மீட்டர் நாளைக்கு வாங்கிடறேன். அடுத்த வாரம் எனக்கு லீவு வருது, அதுக்கு முன்னாடி வேலை நாள் கணக்கு கொஞ்சம் சேந்துடும், அப்புறம் லீவு கணக்கும் அதோட ஒட்டிடும். டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன்.